கையெழுத்தை அடித்தவர்

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது தெரிந்துகொண்டு போனில் கூப்பிட்டு, "என்னையக் கேட்டா எழுதுனீங்க?" என்பார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இருக்காது. அவரிடம் பதில் இல்லாமல் நின்ற அனுபவம் எனக்கு நிறைய உண்டு, இன்னொன்று வேண்டாம். எங்கள் எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களும் கடைக்கு வந்து "அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

திருக்கோகர்ணத்தில் ஒரே ஷட்டர் வைத்த சின்னக் கடை. வெளியே 'செல்போன் சர்வீஸ்' என்று போர்டு. உள்ளே செல்போனைவிட கேம் செட்டுகள்தான் அதிகம் கிடக்கும். கையில் வைத்து ஆடும் வீடியோ கேம் கருவியைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வார்கள். குவைத்திலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிற அப்பாக்களும் மாமாக்களும் ஊருக்கு வரும்போது, அங்கே பழைய சாமான் கடைகளில் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வருவது. செய்த கம்பெனியே அந்தக் கருவியைச் செய்வதை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. ரிப்பேர் என்று திருச்சிக்கு எடுத்துப்போனால் தூக்கிப்போடச் சொல்வார்கள். அக்கா தூக்கிப்போடச் சொல்ல மாட்டார். வலது கட்டை விரல் நகத்தை மட்டும் வெட்டாமல் வளர்த்து வைத்திருந்தார். அந்த நகத்தை ஓரத்தில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினால் எந்தக் கருவியும் வாயைத் திறந்துவிடும்.

நான் முதன்முதலில் போனபோது, "பட்டன்தான் போயிருச்சு, மாத்திக் குடுங்க" என்று செட்டை நீட்டினேன். வாங்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"டாக்டர்கிட்டப் போனாலும் நீங்களே சீட்டு எழுதிக் கொண்டுபோயிருவீங்களா சார்?"

"இல்ல, நான் பாலிடெக்னிக்ல வாத்தியார். கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட். கொஞ்சம் தெரியும்."

"கொஞ்சம் தெரிஞ்சவங்க கொண்டாந்தாத்தான் எனக்கு வேலை ரெட்டிப்பு. கையில குடுங்க, பார்ப்போம்."

பட்டன் போகவில்லை. பட்டனுக்குக் கீழே என் மகன் என்றைக்கோ சிந்திய கடலைமிட்டாய்ப் பாகு. அதைச் சுரண்டி எடுத்துக் காகிதத்தில் வைத்து என்னிடமே கொடுத்தார். வாத்தியார் என்று சொல்லிக்கொண்டது தப்பாகப் போயிற்று.

அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. கையால் தொட்டு, ஆடிப் பார்த்து, தனக்கே தெரிந்தால் ஒழிய எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார். ஒத்துக்கொண்டுவிட்டால், அப்புறம் யார் வந்து சொன்னாலும் பின்வாங்க மாட்டார். கேட்பதற்கு நல்ல குணமாகத்தான் இருக்கிறது. கூட இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அது என்ன பாடு படுத்தும் என்று.

கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் மகன் ஒருநாள் புதுப் போன் ஒன்றைக் கொண்டுவந்தான். செத்துப்போயிருந்தது. கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், 'தயாரிப்புக் கோளாறு' என்று கடை லெட்டர்பேடில் ஒரு வரி எழுதித் தரச் சொன்னான். அக்கா திறந்து பார்த்தார். உள்ளே பாசி வாடை அடித்தது.

"கொளத்துல போட்டுட்டியா?"

"அதெல்லாம் இல்லக்கா. நீங்க சும்மா எழுதுங்க."

"தண்ணியில விழுந்துச்சுன்னு வேணா எழுதித் தாரேன். அதுக்கு மேல எம் பேனாவுல மை இல்ல."

அந்த மாதமே கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அக்கா கெஞ்சவும் இல்லை, சண்டைக்கும் போகவில்லை. நாலு கடை தள்ளி, முன்னதில் பாதி அகலத்துக்கு ஒரு இடம் பிடித்தார். பழைய ஷட்டரில் 'கடை இங்கிட்டு வந்துருச்சு' என்று ஒரு அம்புக்குறி ஒட்டினார். சொந்தக்காரர் அதைக் கிழிப்பார், அக்கா மறுபடி ஒட்டுவார். கடைசியில் சலித்துப்போனது சொந்தக்காரர்தான்.

இப்படிப்பட்டவரைப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டது நான். அதில் எனக்கு அப்போது ரொம்பப் பெருமை.

கீரனூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த பாலிடெக்னிக்கில் ஒரு போட்டி தொடங்கினேன். கம்பெனி கைவிட்ட அந்தப் பழைய கேம் செட்டுக்கு, யார் வேண்டுமானாலும் சொந்தமாக ஓர் ஆட்டம் எழுதிக் கொண்டுவரலாம். மெமரி கார்டு செருகுகிற ஒரு கேசட் கிடைக்கும், அதில் ஏற்றிச் செட்டில் போட்டால் ஓட வேண்டும். எழுதுவது லேசு இல்லை. செட்டுக்குள் இருக்கும் நினைவகம் இப்போதைய போனில் ஒரு போட்டோவுக்குக்கூடக் காணாது. அந்த இடுக்குக்குள் ஓர் உலகத்தைச் செய்கிறவர்கள் நம் மாவட்டத்திலும் இருக்கிறார்கள் என்று காட்ட ஆசைப்பட்டேன்.

நடுவர்கள் மூன்று பேர். எங்கள் துறைத்தலைவர், நான், அக்கா. துறைத்தலைவருக்கு அக்காவைப் பிடிக்கவில்லை. "குவாலிஃபிகேஷன் என்ன?" என்றார். விண்ணப்பத் தாள் ஒன்றை அக்காவிடம் நிரப்பச் சொல்லி வாங்கிக் கொடுத்தேன். கல்வித் தகுதி என்ற இடத்தில் 'பிளஸ் டூ, கணக்கில் பெயில்' என்று எழுதியிருந்தார். அனுபவம் என்ற இடத்தில், 'உங்கள் கல்லூரிக் கருவி இரண்டும் என்னிடம்தான் ரிப்பேருக்கு வந்தன' என்று எழுதியிருந்தார். துறைத்தலைவர் அதற்கப்புறம் கேட்கவில்லை.

அக்கா நடுவராக உட்கார்ந்தால் அது தனிக் காட்சி. ஆட்டத்தை எழுதியவர் அவர் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. முதல் ஆண்டில் ஒரு மாணவன் பொறுக்க மாட்டாமல், "மேடம், அந்த இடத்துல குதிக்கணும்" என்றான். அக்கா செட்டை மடியில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"ஒன் ஆட்டத்த வாங்குறவன் வீட்டுக்கெல்லாம் நீயே போயி நின்னு சொல்லுவியா தம்பி? வாயால ஆடாத."

ஒவ்வோர் ஆட்டத்தையும் மூன்று தடவை ஆடுவார். முதலில் ஒழுங்காக. அடுத்து, ஒன்றும் தெரியாத ஆள் மாதிரி தடுமாறிக்கொண்டு. மூன்றாவதாக வேண்டுமென்றே தப்பாக: எல்லாப் பட்டனையும் சேர்த்து அமுக்குவார், போகக்கூடாத பக்கமெல்லாம் போவார், நடுவில் செட்டை அணைத்துப் போடுவார். எழுதியவர் பின்னால் நின்று நெளிவார். "தப்பா ஆடுறவனுக்கும் ஆட்டம் மரியாதை குடுக்கணும் சார். அவனும் ஆசைப்பட்டுத்தான் கையில எடுக்குறான்" என்று என்னிடம் ஒருதரம் சொன்னார். அந்த வாக்கியத்தை நான் வகுப்பில் என்னுடையது மாதிரி சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

மார்க்கைப் பேனாவால்தான் எழுதுவார். விதிகளில் முதல் விதியை அவர்தான் எழுதச் சொன்னார்: நடுவர் ஒவ்வோர் ஆட்டத்தையும் கருவியில் கடைசிவரை ஆடிய பிறகே மதிப்பெண் போட வேண்டும். மதிப்பெண் தாளில் ஒவ்வோர் ஆட்டத்துக்கு எதிரிலும் 'கருவியில் ஆடினேன்' என்று ஒரு கட்டம் போட்டு, அதில் டிக் அடித்துக் கீழே கையெழுத்தும் போட வைத்தார். "எதுக்குக்கா இதெல்லாம், நம்ம மேல நமக்கே நம்பிக்கை இல்லையா?" என்று சிரித்தேன். "எம் மேலயே எனக்கு நம்பிக்கை கொறச்சல்தான். அதான் எழுதி வச்சுக்கிறேன்" என்றார்.

மூன்றாம் ஆண்டில் பதினேழு ஆட்டங்கள் வந்தன. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. நேரில் வரவைத்து ஆட நாள் போதாது என்று, ஆளுக்கு ஒரு மெமரி கார்டில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொடுத்து ஒரு வாரம் அவகாசம் வைத்தோம். ஒருவர் தாளை இன்னொருவர் பார்க்கக் கூடாது என்பது என் ஏற்பாடு. நேர்மைக்காக என்று சொல்லிக்கொண்டேன். அந்த முறை பரிசுக்கும் ஒரு கனம் வந்திருந்தது. திருச்சியில் சின்னதாக ஒரு மென்பொருள் கம்பெனி நடத்தும் எங்கள் பழைய மாணவர், முதல் இடம் பிடிப்பவரை வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

அக்கா அந்த ஒரு வாரமும் கடையில் உட்கார்ந்து, போட்டியாளர்களை ஒவ்வொருவராகப் போன் போட்டு வரவைத்துப் பின்னால் நிற்கவைத்தே ஆடினார். அப்படி வந்தவர்களில் ஒருத்தி செல்வமேரி. குன்றாண்டார்கோவிலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிற பெண். பி.சி.ஏ. படித்துவிட்டு ஐந்து வருடமாக ஆதார் திருத்தமும் பட்டா மனுவும் அடித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை கடைக்கு லீவு சொல்லி, கீரனூர் வந்து பஸ் மாறி, திருக்கோகர்ணம் வந்து, அக்கா ஆடி முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசாமல் நின்றுவிட்டுப் போனாளாம்.

நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் தேர்வுத்தாள் திருத்தும் வேலை வந்துவிட்டது. பதினேழையும் செட்டில் போட்டு ஆடப் பொறுமை இல்லை. கம்ப்யூட்டருக்குள்ளேயே அந்தச் செட்டு மாதிரி நடிக்கிற எமுலேட்டர் என்றொரு மென்பொருள் உண்டு. லேபில் ஒரு பழைய எமுலேட்டர் கிடந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதில் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். செல்வமேரியின் ஆட்டத்துக்கு வெள்ளைத் திரை வந்து அப்படியே நின்றது. 'இயங்கவில்லை' என்று எழுதிப் பூஜ்யம் போட்டேன். பதினேழு கட்டத்திலும் 'கருவியில் ஆடினேன்' என்று டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டேன். துறைத்தலைவர் என் மேஜைக்கு வந்து என் தாளைப் பார்த்து, அங்கங்கே ஒன்றிரண்டு மார்க் கூட்டிக் குறைத்துத் தன் தாளை நிரப்பிக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பரிசளிப்பு அன்று காலை அக்கா ஆபீசில் உட்கார்ந்து சான்றிதழ்களில் கையெழுத்துப் போட்டார். முதல் பரிசு வேறொரு மாணவனுக்கு என்று பார்த்ததும் அவர் முகம் லேசாக மாறியது. ஆனாலும், "மூணு பேரு மார்க்குல்ல. உங்களுக்கு அது பிடிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் அரங்கத்துக்கு நடந்து வந்தவர், வாசலில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தார். அதில் மூவருடைய மார்க்கும் தனித்தனியே இருந்தது. செல்வமேரிக்கு எதிரில் பூஜ்யம், பூஜ்யம், எண்பத்தாறு. பக்கத்தில் 'இயங்கவில்லை'.

விழா தொடங்கி, கல்லூரி முதல்வர் வரவேற்றுப் பேசி, சிறப்பு விருந்தினருக்குச் சால்வை போட்டு, பரிசுப் பெயரை வாசிக்கப்போகும் நேரம். முன்வரிசையிலிருந்து அக்கா எழுந்து போய் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"ஒரு நிமிசம். பிடிக்கலைன்னு பூஜ்யம் போட்டிருந்தா நான் பேசாமப் போயிருப்பேன். ஓடலைன்னு போட்டிருக்கு. என் கையில ஓடுச்சு. மூணு தடவை ஓடுச்சு."

முதல்வர் பதறிப்போய், "மேடம், அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

"அப்புறம்னா, பரிசக் குடுத்ததுக்கு அப்புறமா?" என்று கேட்டுவிட்டு அக்கா என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க சொல்லுங்க. எதுல ஆடுனீங்க?"

அரங்கம் முழுக்க என்னைப் பார்த்தது. மாணவர்கள், பெற்றோர்கள், நிர்வாகத்தார். உண்மை தொண்டைவரை வந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். வரவே இல்லை. வந்தது இதுதான்:

"எல்லாம் விதிப்படிதான் நடந்திருக்கு."

அக்கா என்னோடு வாதாடவில்லை. அப்படியா என்றுகூடக் கேட்கவில்லை. நேராக மேடை மேஜைக்குப் போனார். அடுக்கி வைத்திருந்த சான்றிதழ்களை முன்னால் இழுத்தார். பேனாவை எடுத்து ஒவ்வொன்றிலும் தன் கையெழுத்தை மட்டும் ஒரு கோடு போட்டு அடித்தார். முதல்வர் கையை நீட்டி, "இது கல்லூரிச் சொத்து மேடம்" என்றார்.

"காகிதம் உங்க சொத்து. கையெழுத்து என் சொத்து."

ஒன்றுவிடாமல் அடித்து முடித்து, அடுக்கை ஒழுங்காகத் தட்டி வைத்துவிட்டு இறங்கினார். கடைசி வரிசையில் செல்வமேரி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். "பரவாயில்லக்கா, விடுங்க" என்று அவள் முனகியது எனக்கே கேட்டது.

"ஒனக்குப் பரவாயில்லாம இருக்கலாம். ஆடுனது நானு. எனக்கு ஆகாது" என்றார் அக்கா. அவளையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சிறப்பு விருந்தினர் கோடு போட்ட சான்றிதழ்களைச் சிரித்த முகத்தோடு கொடுத்தார். வாங்கியவர்கள் சிரிக்கவில்லை.

அடுத்த நாலு நாட்கள் நான் சாப்பிட்டேன், தூங்கினேன், பாடம் நடத்தினேன். கோபமாக இருந்தேன் என்பதுதான் உண்மை. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே, ஊர் நடுவில் நிறுத்திவிட்டாரே என்று. ஐந்தாம் நாள் அந்தக் கோபத்தைச் சொல்லிவிட்டு வரத்தான் திருக்கோகர்ணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். கடை வாசலில் போய் நின்றதும் வாயில் வந்தது வேறு.

"மன்னிச்சிருங்கக்கா."

அவர் ஒரு போனுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. இடது கையால் பக்கத்திலிருந்த கேம் செட்டை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"அதெல்லாம் அப்புறம். மொதல்ல ஆடுங்க."

ஸ்டூலில் உட்கார்ந்து செல்வமேரியின் ஆட்டத்தைப் போட்டேன். வெள்ளைத் திரை வரவில்லை. ஒரு தெரு வந்தது. தெருவில் வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள். தண்ணி லாரி வருவதற்குள் நம் குடத்தை வரிசையில் முன்னால் நகர்த்த வேண்டும். நாம் வேறு பக்கம் பார்த்தால் பக்கத்து வீட்டுக் குடம் நைசாக முன்னால் வந்துவிடும். செட்டின் திரை ஒவ்வொரு கோட்டையும் எந்தக் கணத்தில் வரைகிறது என்று பார்த்து, அந்த இடைவெளியில் குடங்களை நகர்த்தியிருந்தாள். அதனால்தான் குடங்கள் அத்தனை வழுக்கலாக ஓடின. எங்கள் லேபின் பழைய எமுலேட்டருக்கு அந்தச் சூட்சுமம் தெரியாது, அதுதான் முழித்துக்கொண்டு நின்றிருக்கிறது. எமுலேட்டரை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை. ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் எழுதி, அண்ணன் குவைத்திலிருந்து அனுப்பிய செட்டில் போட்டுப் போட்டுத்தான் சரிபார்த்திருக்கிறாள்.

எட்டாவது கட்டம் கடைசிக் கட்டம். அதில் லாரி வரவே இல்லை. குடத்தை முன்னால் நகர்த்தினேன், முதல் இடத்துக்கே கொண்டுபோனேன். வெயில் திரையைக் கடந்து இறங்கியது. 'இன்றைக்குத் தண்ணி இல்லை' என்று வந்து மறுபடி தொடங்கியது. நாலைந்து தரம் அப்படியே ஆயிற்று. போன் வாங்க வந்த ஒருவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "சார், அங்கிட்டு..." என்று ஆரம்பித்தார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார், அவர் வாயை மூடிக்கொண்டார்.

ரொம்ப நேரம் கழித்துத்தான், சலிப்பில், குடத்தை வரிசையைவிட்டு வெளியே இழுத்து நடுரோட்டில் வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பக்கத்து வீட்டுக் குடம் ஒன்று தானாக நகர்ந்து வந்து என் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. அப்புறம் இன்னொன்று. ரோடு முழுக்கக் காலிக்குடங்கள். ஒரு பஸ் வந்து நின்றது, ஒரு ஜீப் வந்து நின்றது. அதற்கும் பின்னால், திரையின் ஓரத்தில், லாரி வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதைத்தான் நான் சாப்பாட்டு நேரத்தில் 'இயங்கவில்லை' என்று எழுதியிருந்தேன்.

"ஒரு பேப்பர் குடுங்கக்கா" என்றேன்.

முதல்வருக்குக் கடிதம் எழுதினேன். செல்வமேரியின் ஆட்டத்தைக் கவனக்குறைவால் கருவியில் ஆடாமல் மதிப்பிட்டுவிட்டேன், முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று. எனக்கே திருப்தியாக இருந்தது. அக்காவிடம் நீட்டினேன். ஈயக்கோலை வைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பேனாவை எடுத்து 'கவனக்குறைவால்' என்பதை அடித்தார்.

"கவனமாத்தானே சார் செஞ்சீங்க? பதினேழு டிக்கு, ஒண்ணுகூடக் கட்டத்துக்கு வெளிய போகல."

தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"அப்புறம், இது ஒண்ணு மட்டுந்தான் ஆடலையா?"

"எதையுமே ஆடலக்கா."

"அப்ப அதையும் எழுதுங்க."

"வேலைக்கே ஒல வச்சிருவாங்கக்கா."

"வைக்கலாம். எழுதாம இங்கிட்டே கெழிச்சுப் போட்டுட்டும் போகலாம். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அரைகுறையா எழுதிட்டுப் போகாதீங்க, அம்புட்டுத்தான்."

வேறொரு தாள் வாங்கி எழுதினேன். 'பதினேழு ஆட்டங்களில் ஒன்றைக்கூட நான் கருவியில் ஆடவில்லை. ஆடியதாகத் தெரிந்தே கையெழுத்திட்டேன்.' அக்கா அதைப் படித்துவிட்டு எழுந்து ஷட்டரை இறக்கினார். "எதுக்குக்கா?" என்றேன். "தனியாப் போனா கீரனூர் போறதுக்குள்ள உங்களுக்கு மனசு மாறிரும்" என்றார். சொன்னது சரிதான். பஸ்ஸில் எனக்கு இரண்டு தடவை மாறியது. இரண்டு தடவையும் அவர் பெண்கள் பக்கச் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

முதல்வர் கடிதத்தை ரொம்ப நேரம் படித்தார். துறைத்தலைவரைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் படித்துவிட்டு, தானும் என் தாளைப் பார்த்துத்தான் போட்டதாகத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். முதல்வர் என்னிடம் குரலைத் தணித்துக்கொண்டார்.

"சார், இந்தத் 'தெரிந்தே'ங்கிறத மட்டும் எடுத்திரலாமே. உங்களுக்குத்தான் நல்லது."

"இருக்கட்டும் சார்" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அதுதான்.

அவர் அக்கா பக்கம் திரும்பினார். "நீங்கதான் இப்படி எழுதச் சொன்னீங்களா?"

"நான் அடிக்கத்தான் செஞ்சேன். எழுதுனது அவரு."

"சரி, இவங்க ரெண்டு பேரு தாளும் செல்லாதுன்னா, உங்க ஒருத்தர் மார்க்க வச்சா முடிவு சொல்றது? ஞாயமா அது?"

"நான் ஒருத்திதானே ஆடியிருக்கேன். ஞாயமில்லேன்னா நீங்க ஆடிப் பாருங்க. செட்டு பையிலதான் இருக்கு" என்று பையை எடுத்து மேஜைமேல் வைத்தார். முதல்வர் பையைப் பார்த்தார். கிளார்க்கை அழைத்துத் திருத்திய பட்டியலை அடிக்கச் சொன்னார். எழுத்தில் வந்துவிட்ட பிறகு அவருக்கும் வேறு வழி இல்லை. எனக்கு மெமோ வந்தது. போட்டிப் பொறுப்பு போயிற்று. அடுத்த ஆண்டு நடுவர்களில் அக்காவும் இல்லை, நானும் இல்லை. அதையெல்லாம் அன்று சாயங்காலம் நான் யோசிக்கவில்லை.

கல்லூரி வாசலில் பஸ்ஸுக்கு நின்றோம். அக்கா என்னை ஏதாவது பாராட்டுவார் என்று காத்திருந்தேன். அவர், "மேரிக்குப் போனப் போடுங்க" என்றார். போட்டுக் கொடுத்தேன். சத்தமாக வைத்துக்கொண்டு பேசினார்.

"மேரி, பட்டியல மாத்தியாச்சு. நீதான் மொதல்ல. திருச்சிக்காரங்க கூப்புடுவாங்க, போனக் கையிலயே வச்சிரு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். அக்கா அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"அழுகை கெடக்கட்டும், இதக் கேளு. அந்த லாரி வர்ற சத்தம் இருக்கே, காது கிழியுது. அதுக்கு நாலு மார்க்கு கொறச்சிருக்கேன்."

"அக்கா, அது அப்பிடித்தான் இருக்கணும். எங்க தெருவுல லாரி அப்பிடித்தான் கத்தும்."

"ஒங்க தெருவுல கத்தலாம். செட்டுல ஸ்பீக்கரு மொளகா வத்த அளவு. அது தாங்குமா?"

"தாங்கும். நான் போட்டுப் பார்த்திருக்கேன். நீங்க கொறச்சது தப்பு."

"தப்பா? யாருகிட்ட சொல்ற?"

"உங்ககிட்டத்தான் சொல்றேன். அந்த நாலு மார்க்க எனக்குக் குடுங்க."

ஐந்து நாளைக்கு முன்னால், பரவாயில்லை என்று தலையைக் குனிந்துகொண்ட அதே பெண். அக்காவின் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"குடுக்க முடியாது" என்றார். "நேர்ல வந்து சண்டை போடு."